வினாயகமூர்த்தி கொண்டுவந்த கசெட்

கசெட்டைப் போட்டுவிட்டால் வினாயகமூர்த்தி மெசினைப் பார்ப்பதில்லை. கேட்கிறவரின் முகத்தைப் பார்க்கிறார். நெற்றியில் தொடங்கி, தொண்டைக்கு இறங்கி, காலில் வந்து நிற்பார். கால் ஆடுகிறதா, பெருவிரலாவது அசைகிறதா என்று பார்ப்பார். ஒரு பக்கம் முடிந்து மெசினில் அமுக்கிய கட்டை மேலே எழும்பியதும், "சொல்லுங்க" என்பார், ஆற்றுக்கு அக்கரையில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரலில். "என்ன மாதிரி இரிக்கு? என்ட மகன் அழுறானா?"

கேட்டவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் கண்கள் அந்த வாய்க்குப் போய்விடும். வினாயகமூர்த்திக்குக் காது கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்வார்.

இது நடப்பது காத்தான்குடியில், என்னுடைய கடையில். என் கடையைத் தெரியாதவர் இந்தப் பக்கத்தில் இல்லை. மூன்றாம் வகுப்புக்கு மேலே நான் படித்தவனில்லை. ரேடியோவைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வவுணதீவு வட்டைகளுக்குள்ளே, வயல்காரனின் வரம்புக்கே போய் விற்றவன். இன்று கீழே கடை, மேலே வீடு, பின்னால் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கிற கொட்டில். அமிர்தகழிக் கோயில் தீர்த்தமானாலும் எங்கள் பக்கத்துக் கந்தூரியானாலும் என் பொக்ஸ்தான் பேசும். கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, கரைப்பக்கத்துக் களஞ்சியத்தில் வைத்திருந்த பொக்ஸ் எல்லாம் போய்விட்டன. மிஞ்சிய ஒரு மைக்கோடு மறுபடி தொடங்கி இவ்வளவுக்குக் கொண்டுவந்தேன். சத்தத்தைப் பற்றி நான் எழுதினால் நம்பலாம் என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

வினாயகமூர்த்தி ஆற்றுமீன்காரர். புத்தகத்தில் வாவி என்று எழுதுவார்கள், நாங்கள் ஆறு என்போம். அந்த ஆற்றில் அவர் பிடித்த இறாலும் நண்டும் என் வீட்டுச் சட்டிக்கு, என் தலை முழுக்கக் கறுப்பாக இருந்த காலம் முதல் இன்றுவரை வந்துகொண்டிருக்கின்றன. கடைக்கு வரும்போது தோளில் துடுப்போடுதான் வருவார். தோணியைக் கரையில் கட்டுவார், துடுப்பை அதிலே விட மாட்டார். "தோணியக் களவெடுக்கிறவனுக்கு நான் துடுப்பும் குடுத்து விடணுமா காக்கா?" என்பார். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். அந்தத் துடுப்போடு கடைக்குள்ளே கிறுகித் திரும்பினால் மேலே தொங்குகிற பல்புகள் ஒன்றோடொன்று முட்டும். குழல்விளக்கு ஒன்றை ஏற்கனவே உடைத்தாயிற்று. அன்றைக்கு நான் ஏசினேன். என் உதட்டைப் பார்க்காமல் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏச்சு விழாமலிருக்க அவருக்கு அவ்வளவு போதும்.

இரண்டு காதிலும் ஏதாவது செருகியிருக்கும். ஒன்றில் பீடி. மற்றதில் பஸ் டிக்கெட், சில நாளில் ஊசி கோத்த வலைநூல். "கேக்காத காது காக்கா. சாமான் வைக்கவாவது உதவட்டுமே."

காது போனது சுனாமியில். நாவலடியில் கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடக்கிற மணல் துண்டில் அவர் வீடு இருந்தது. கடல் இந்தப் பக்கத்தால் ஏறி அந்தப் பக்கத்தால் ஆற்றில் விழுந்தபோது அவரையும் கொண்டுபோய், அக்கரைக் கண்டல் மரத்தில் செருகிவிட்டது. மனைவி புஸ்பத்தைத் திருப்பித் தரவில்லை. மகன் ரதீஸ் அன்று டவுனில் நின்றதால் தப்பினான். பள்ளிக்கூடத்து முகாமில் படுத்திருந்த நாட்களில் தகப்பனின் இரண்டு காதும் சீழ் வடிந்து வடிந்து அடைத்துப் போயின.

ஒரேயொரு சத்தம் மட்டும் மிச்சமிருக்கிறது என்று அவர் சொல்வதுண்டு. நிலவு காலத்தில் எங்கள் ஆற்றில் மீன் பாடும். துடுப்பின் அகன்ற பக்கத்தைத் தண்ணீரில் விட்டு, பிடியைக் காதடியில் அழுத்தினால் அது மரத்துக்குள்ளால் ஏறிவரும். இங்கே எல்லாருக்கும் தெரிந்த வித்தை. "ஆக்கள் கதைக்கிறது கேக்கயில்ல, மீன் கதைக்கிறது கேக்குது. இது என்ன ஞாயம்?" என்று சிரிப்பார். பகிடி என்று நாங்களும் சிரித்துவிட்டு விட்டுவிடுவோம்.

பிறகு சண்டைக்குப் பொடியன்களைப் பிடித்துக்கொண்டு போகிற காலம் வந்தது. இருக்கிற ஒன்றையும் பறிகொடுக்க ஏலாது என்று ரதீஸை எப்படியோ சுவிஸுக்கு அனுப்பிவைத்தார். அன்றிலிருந்து தகப்பனும் மகனும் ஒரு சொல்லும் நேரே பேசியதில்லை. மகன் வெள்ளிக்கிழமைப் பின்னேரம் என் கடைக்கு ஃபோன் எடுப்பான். அவன் சொல்வதை நான் உதட்டால் இவருக்குச் சொல்வேன், பதில் கேட்காத ஃபோனில் பேச இவருக்கு மனமில்லாததால், இவர் சொல்வதையும் நானே வாயால் அவனுக்குச் சொல்வேன். ஒரு தடவையும் பிழையாகச் சொன்னதில்லை. சண்டை முடிந்து, றோட்டுத் தடைகளெல்லாம் எடுபட்டு, தபால் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு ஒரு நாள் அந்தக் கசெட் வந்தது.

சாம்பல் நிற மட்டை. மங்கலான தண்ணீர், ஒரு தோணி. மேலே தமிழில் 'நாவலடி' என்று ஒரு சொல். உள்ளே இருந்ததைப் பாட்டு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. முதலில் வெறும் காற்று. பிறகு மண் லொறியைச் சரித்துக் கொட்டுகிற மாதிரி கித்தார். ட்ரம்ஸ் அடிக்கிறவன் ஒரு அடி அடித்தால், அடுத்த அடிக்குள்ளே நீங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். நடுவில் யாரோ அடிவயிற்றிலிருந்து கத்துகிறான். ஒரு சொல்லும் விளங்காது.

வெள்ளிக்கிழமை ரதீஸ் விளக்கம் சொன்னான். பகலில் ஹோட்டல் குசினியில் வேலை. பின்னேரங்களில் மூன்று வெள்ளைக்காரப் பொடியன்களோடு சேர்ந்து அடிக்கிறானாம். "ட்ரம்ஸ் நான்தான் மாமா. சில இடத்தில கத்துறதும் நான்தான். இந்தச் சாதி மியூசிக்குக் கனம் கூட, வேகம் குறைவு. சேறு எண்டுதான் அதுக்குப் பேரே."

"சேத்தில உனக்கென்ன மனே வேலை?" என்று கேட்டேன்.

"அம்மாவை நினைச்சுச் செஞ்சது. பெரிய மேடை ஒண்டுக்கு எங்களக் கூப்பிட்டிருக்காங்க. அப்பா ஓம் எண்டாத்தான் அடிப்பன். அம்மாட சாவை வச்சு இப்பிடிச் சத்தம் போடுறது அவருக்குப் பிடிக்காட்டி, அதோட நிப்பாட்டிடுவன். ட்ரம்ஸையும் வித்துப்போடுவன்."

நான் இதை உதட்டால் சொல்லி முடிக்கும்போது வினாயகமூர்த்தி காதிலிருந்த பீடியை எடுத்து, பற்றவைக்காமல் மறுபடி செருகிவிட்டார். "கேக்காத ஒண்டுக்கு நான் எப்பிடிக் காக்கா ஓம் எண்டுறது?" என்றார். அந்த மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை பதில் சொல்கிறேன் என்று தவணை கேட்கச் சொன்னார். ஊரின் காதைக் கடன் வாங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

முதல் அபிப்பிராயம் என் கடை மெக்கானிக் அப்துல் கபூருடையது. அப்துல் கபூர் திறக்காத ரேடியோ இந்த ஊரில் இல்லை. ஒரு நிமிடம் கேட்டான். "முதலாளி, பெல்ட் தளர்ந்திட்டு" என்றான். பெல்ட் மாற்றினான். அப்படியே இழுத்தது. கரண்ட் காணாது என்று புதுப் பற்றறி போட்டான். அப்படியே இழுத்தது. கடைசியில் மோட்டருக்குப் பின்னாலிருக்கிற சின்ன ஆணியை ஸ்க்ரூ ட்ரைவரால் திருகித் திருகி, ட்ரம்ஸ் சத்தம் மனிசன் நடக்கிற வேகத்துக்கு வரும்வரை விடவில்லை. "இப்ப சரி" என்று கையைத் துடைத்தான். எனக்கும் சரியாகத்தான் பட்டது. கரண்ட் குறைந்தால் பாட்டு இழுபடும், பற்றறி செத்தால் பாட்டு இழுபடும். அப்படித்தான் இந்த ஊரில் நாங்கள் பாட்டுக் கேட்டு வளர்ந்தோம். இழுபடுவதற்கென்றே ஒருவன் அடிப்பான் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த வாரம் கடையில் கலியாண வீடுதான். கசெட் துள்ளியது. கத்துகிற பொடியன் அணில் மாதிரிக் கீச்சிட்டான். பஸ் கொண்டக்டர் ஒருவர் டிக்கெட் புத்தகத்தில் தாளம் போட்டார். பலாப்பழம் விற்கிறவர் இடுப்பை ஆட்டினார். வினாயகமூர்த்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லா முகமும் சிரித்தது, எல்லாக் காலும் ஆடியது. "பொடியன் சந்தோசமா இரிக்கான் போல" என்று சொல்லிக்கொண்டு, துடுப்பைக் கொடி மாதிரித் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஃபோனில் பேசும்போது பின்னால் கசெட் ஓடிக்கொண்டிருந்தது. ரதீஸ் பேச்சை நிறுத்தினான். "மாமா, பின்னால என்ன அது?"

"உன்ட பாட்டுத்தான்."

"எங்கட பாட்டா? என்ன அது, பேய் கலைச்ச மாதிரிப் பறக்குது?"

அப்துல் கபூர் ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்துக்கொண்டு வந்தான். ஆணி பழைய இடத்துக்குத் திரும்பியது. கசெட்டும் பழையபடி சேற்றுக்குள் இறங்கியது.

அதற்குப் பிறகு வந்தவைதான் உண்மையான அபிப்பிராயங்கள். ஆமினா உம்மா டோர்ச்சுக்குப் பல்பு வாங்க வந்தவர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். "ஆரோ கிணத்துக்குள்ள விழுந்து கூப்பிடுறாப் போல கிடக்கு. பாத்துக்கொண்டு நிக்கிறீங்க, ஒரு கயித்தப் போடுங்களன்." தறிக் கூடம் வைத்திருக்கிற ஸஹீதா கொஞ்சம் கூடுதலாகவே நின்று கேட்டார். கூடத்தில் கரண்ட் போய் எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நின்றதும் காதுக்குள்ளே ஒரு இரைச்சல் மிஞ்சுமாம், அதுதான் இது என்றார். "எனக்கு அது பிடிக்கும், ஆனா தலையிடிக்கும்." வவுணதீவு வயல்காரர் ஒருவரின் தீர்ப்பு: "மாரியில வட்டைக்குள்ள ட்ரக்டர் புதைஞ்சா இந்தச் சத்தந்தான். ஒண்டு, ட்ரைவர் இறங்கணும். இல்லாட்டி ட்ரக்டர் இறங்கும்." பஸ் கொண்டக்டர், போன வாரம் தாளம் போட்ட அதே மனிதர், இரண்டு நிமிடத்தில் எழும்பிவிட்டார். "பழைய பாட்டு நல்லா இருந்திச்சே. அதை ஏன் மாத்தினீங்க?"

என்னுடைய அபிப்பிராயத்தையும் மறைக்க மாட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்காது. ஆனால் ஒரு பக்கம் முழுக்க ஓடி முடியும்வரை கதிரையிலிருந்து நான் எழும்பவுமில்லை. நாற்பது வருடமாகச் சத்தம் விற்கிற எனக்கு அது எதனால் என்று சொல்லத் தெரியவில்லை.

வினாயகமூர்த்தி இவற்றையெல்லாம் முகத்தில் வாசித்துக்கொண்டு நின்றார். போன கிழமை சிரித்த முகங்கள் இந்தக் கிழமை சுருங்கின. ஆணிக் கதையை நான் மூன்று தரம் சொல்லியும் அவர் ஏற்கவில்லை. "ஒரு கிழமைக்குள்ள பொடியனுக்கு என்ன நடந்திச்சு காக்கா? அந்தக் குளிருக்குள்ள தனிச்சுக் கிடந்து மண்டை பிசகிட்டோ?" இறால் கொண்டுவருவதும் குறைந்தது. வந்தாலும் துடுப்பைச் சுவரில் சாத்திவிட்டு, வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அந்த ஒரே கேள்விதான்: "என்ட மகன் அழுறானா?"

மேல்மாடியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்த என் மனைவி ஹிதாயாவையும் அவர் விடவில்லை. அவள் தட்டத்தைக் கையில் வைத்தபடியே கேட்டாள். பிறகு அவருக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்துச் சொன்னாள்: "அழுறவனுக்கு மூச்சு இடையில உடையும். இவனுக்கு ஒரு இடத்திலயும் உடையயில்ல. இது அழுற புள்ள இல்ல. வேலை செய்யிற புள்ள."

அவர் அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்றார். "வேலை" என்றார். "என்ன வேலை?" ஹிதாயா தட்டத்திலிருந்து ஒரு தேத்தண்ணியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

தவணை வெள்ளிக்கிழமைக்கு முந்திய நாள், கலியாணம் ஒன்றுக்குப் போகவேண்டிய பெரிய பொக்ஸுக்கு அப்துல் கபூர் புதுக் கடதாசிக் கோன் ஒட்டியிருந்தான். அதைப் பரிசோதிக்க இந்தக் கசெட்டையே போட்டான். ஆழச் சத்தத்துக்கு இதைப்போல ஒன்று கிடைக்காதாம். அதுவும் ஒரு அபிப்பிராயம்தான். பொக்ஸ் கதவடியில் நின்றது. வினாயகமூர்த்தி உள்ளே வந்தார். சுவரிலே இடமில்லாததால் துடுப்பைப் பொக்ஸிலே சாய்த்தார். களைத்திருந்தார். துடுப்பின் பிடியைக் கையால் பொத்தி, அதன்மேல் தாடையை வைத்துக்கொண்டு றோட்டைப் பார்த்தபடி நின்றார்.

அடுத்த கணம் துடுப்பு சுட்டதுபோல விலகினார். பொக்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காதிலிருந்த பீடியையும் டிக்கெட்டையும் எடுத்து மேசையில் வைத்தார். பிடியைக் காதடி எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார்.

நான் ஏதோ கேட்க எழும்பினேன். கண்ணைத் திறக்காமலே, இடுப்புயரத்தில் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அந்தச் சைகை எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் மீன் வாங்கப் போய் அவர் தோணியில் நானும் இருந்திருக்கிறேன். வலையைப் பிடித்திருக்கிறவனுக்குத் தோணிக்காரன் காட்டுவது அது. இழுக்காதே, இன்னும் மீன் வருகிறது என்று பொருள்.

அந்தப் பக்கம் முடியும்வரை அப்படியே நின்றார். அப்துல் கபூர் மற்றப் பக்கத்தைப் போட்டான். அதற்கும் நின்றார். பிறகு தாடையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"மகன் அழயில்ல காக்கா. வலை வளைச்சுப்போட்டு அடிக்கிறான்."

எனக்கு விளங்க அவரே சொன்னார். ஆற்றில் வலையை அரைவட்டமாகப் போட்டுவிட்டு, தோணியின் பலகையில் துடுப்பால் அடித்து மீனை வலைக்குள் கலைத்து விரட்டுவார்கள். அடுத்தடுத்து இரண்டு அடி, நீளமாக ஒரு நிறுத்தம், பிறகு ஒற்றை அடி. சின்னவனாக இருக்கும்போது அந்த அடி ரதீஸின் வேலை. கரையில் புஸ்பம் வீட்டு வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அடி நின்றால் வலை ஏறிவிட்டது, ஆட்கள் வருகிறார்கள் என்று அர்த்தம். உடனே உலை வைப்பாள்.

"அப்ப அந்தக் கத்துறது?" என்றேன்.

"தோணிக்குள்ள இருந்து கரைக்குக் கூப்பிடுறதெண்டா மெதுவாவா காக்கா கூப்பிடுறது?" என்று கேட்டுவிட்டு, "கடைசியில அடி நிக்குது. மறுகா என்ன வருது? எனக்கு ஒண்டும் கேக்கயில்ல" என்றார்.

"ஒண்டும் வரயில்ல வினாயகம். வெறும் நாடாதான் ஓடுது."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"நல்ல நேரத்துக்கு."

"ஓம்" என்றார். "உலை கொதிக்க நேரம் வேணுமே."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நான் கடையை மறுபடி திறக்க முன்பே வாசலில் துடுப்போடு நின்றார். வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். காது இரண்டும் வெறுமையாக இருந்தன. அப்துல் கபூர், ஆணி திருகிய பழிக்கு ஈடு கட்டுகிறவன் மாதிரி, காலையிலேயே என் ஃபோனின் வயிற்றைத் திறந்து இரண்டு வயரை இழுத்துப் பெரிய அம்ப்ளிஃபயரில் கொடுத்திருந்தான். ஃபோன் மேசையில், பொக்ஸ் கதவடியில். இரண்டுக்கும் நடுவில் பாலம் மாதிரி வினாயகமூர்த்தியின் துடுப்பு. இப்படியொரு ஏற்பாடு கொழும்பிலும் இருக்காது என்று நான் சொன்னேன். அவர் என் உதட்டைப் பார்க்கவில்லை.

மணியடித்தது. அப்துல் கபூர் ரிசீவரை எடுத்து மேசையில் வைத்தான். பொக்ஸிலிருந்து முதலில் ஒரு ஊளை, பிறகு ரதீஸின் குரல் கடை முழுக்க விழுந்தது.

"மாமா, அப்பா என்ன சொல்றார்?"

வினாயகமூர்த்தியின் முகத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. முகத்தை வாசிப்பது அவருடைய தொழில். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல் மரத்தில் ஏறி அவர் எலும்புக்கு வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

"மாமா? லைன் இரிக்கா?"

நான் மேசைக்குக் குனிந்தேன். எனக்கு முந்தி அவர் கை வந்தது. மடக்கிய விரல்களால் மேசைப் பலகையில், ஃபோனுக்குப் பக்கத்தில் அடித்தார். இரண்டு அடி. நீளமாக ஒரு நிறுத்தம். ஒற்றை அடி.

பொக்ஸில் இரைச்சல் மட்டும் கிடந்தது. றோட்டால் ஒரு ஓட்டோ போனது. இவ்வளவு காலமும் இரு பக்கத்துக்கும் பேசிப் பழகிய வாய், எனக்குப் பொறுக்க ஏலவில்லை. "ரதீஸ், விளங்கிச்சா மனே, உன்ட அப்பா" என்று தொடங்கினேன்.

வினாயகமூர்த்தி பிடியைக் காதடியில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, இடுப்புயரத்தில் உள்ளங்கையை விரித்தார்.